விலைக்கு வந்த வீடு

1

மென்ட்மோர் வீட்டை நான் பார்த்ததில்லை. இனிப் பார்ப்பேன் என்றும் தோன்றவில்லை. எனக்கு அதனோடு உள்ள பரிச்சயம் முழுக்கவும் புத்தகங்கள் வழியாக வந்தது. இருந்தும், சென்ற மாதம் நண்பர்கள் நான்கைந்து பேர் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டின் விற்பனை பற்றிப் பேச்சு வந்து, அது வாக்குவாதமாகி, இரவு வெகுநேரம் நீண்டது. ஒரு நண்பர், "கொள்ளைக்காரன் வீடு ஏலத்துக்கு வந்தால் நமக்கென்ன துக்கம்?" என்றார். இன்னொருவர், கலைப்பொருளுக்கு அதன் சொந்தக்காரனின் பாவம் ஒட்டுவதில்லை என்றார். இரண்டு பேச்சுமே எனக்குத் திருப்தி தரவில்லை. ஏன் திருப்தி தரவில்லை என்பதை அன்று சொல்லத் தெரியாமல் போனதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் விவரங்கள். இங்கிலாந்தில் பக்கிங்ஹாம்ஷயரில் இருக்கிறது மென்ட்மோர். 1852க்கும் 1854க்கும் இடையில் மேயர் டி ராத்ஸ்சைல்டுக்காகக் கட்டப்பட்டது. கட்டியவர் ஜோசஃப் பாக்ஸ்டன். 1851 லண்டன் கண்காட்சிக்குப் பளிங்கு மாளிகை என்று பெயர் பெற்ற கண்ணாடிக் கட்டிடத்தை அமைத்த அதே மனிதர். மென்ட்மோரின் நடுக்கூடத்துக்கும் அவர் கண்ணாடிக் கூரையே போட்டார். வெளித்தோற்றம் பதினாறாம் நூற்றாண்டு வீடு ஒன்றின் சாயலில் இருந்தது. உள்ளேயோ வெந்நீர்க் குழாய்கள் வழியாகக் கதகதப்பு. பழமையின் முகமும் இயந்திர யுகத்தின் வயிறும் சேர்ந்த உருவம் என்று சொல்லலாம். மேயரின் மகள் ஹன்னா 1878ல் ரோஸ்பரி பிரபுவை மணந்துகொண்டபின் வீடு அந்தக் குடும்பத்துக்குப் போயிற்று. ரோஸ்பரி 1894ல் பிரதம மந்திரி ஆனார்.

1974ல் ஆறாவது ரோஸ்பரி பிரபு இறந்தபோது மரண வரி வந்து நின்றது. வரிக்கு ஈடாக வீட்டையும் உள்ளே இருந்த அத்தனை பொருட்களையும் 20 லட்சம் பவுண்டுக்கு அரசாங்கம் எடுத்துக்கொள்ளலாம் என்று வாரிசு முன்வந்தார். மூன்று வருஷம் இழுத்தடித்துவிட்டு அன்றைய தொழிற்கட்சி அரசாங்கம் மறுத்துவிட்டது. 1977 மே மாதம் ஸாதபீஸ் ஏலக் கம்பெனி வீட்டுச் சாமான்களைப் பத்து நாட்கள் கூறு போட்டு விற்றது. வசூலானது 60 லட்சம் பவுண்டுக்கு மேல். அரசாங்கம் வீட்டோடு சேர்த்து வாங்கியிருக்கக்கூடிய விலையைப் போல மூன்று மடங்கு, வீடு இல்லாமலேயே கிடைத்தது.

இதில் வேடிக்கையான ஒரு துணைக்கதை உண்டு. ஏலப் பட்டியலில் கார்ல் வான் லூ வரைந்தது என்று குறிக்கப்பட்டிருந்த ஓர் ஓவியத்தை டேவிட் காரிட் என்ற வியாபாரி 8,000 பவுண்டுக்கு எடுத்தார். அது ஃப்ராகொனார் வரைந்தது என்று அவருக்குப் பட்டது. அவர் நினைத்தது சரி. மறு வருஷம் லண்டன் நேஷனல் காலரி பல மடங்கு விலை கொடுத்து அதை வாங்கியது. கண்ணுக்குத் தெரியாத கணவன் கொடுத்த பரிசுகளை சைக்கி தன் சகோதரிகளுக்குக் காட்டுகிற காட்சி அது. சகோதரிகள் பொறாமையோடு பார்க்கிறார்கள். அடுத்தவர் வீட்டுப் பொருளைப் பார்ப்பது பற்றிய ஒரு படம், அடுத்தவர் வீட்டுப் பொருளாகவே பல்லாண்டுகள் தொங்கிக்கொண்டிருந்தது; சொந்தக்காரர்களும் பட்டியல் போட்டவர்களும் அதன் பெயரை அறிந்திருக்கவில்லை.

காலியான வீட்டை 1978ல் மகரிஷி மகேஷ் யோகியின் ஸ்தாபனம் சுமார் 2,40,000 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. என் முதல் நண்பர் இந்த இடத்தில் பெரிதாகச் சிரித்தார். சரித்திரம் பழி தீர்த்துக்கொண்டது என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓர் இந்தியர் ஸ்தாபித்த நிறுவனம் வாங்கிவிட்டதால் எந்தக் கணக்கு நேராகிவிட்டது?

2

என் தொழில் வங்கியில் குமாஸ்தா வேலை. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நகைக்கடன் பகுதியில் சில வருஷங்கள் இருந்திருக்கிறேன். வருகிற நகையை மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரைத்துப் பார்த்து, மொத்த எடை போட்டு, அதிலிருந்து கல், அரக்கு, அழுக்கு எல்லாவற்றையும் கழித்து நிகர எடை சொல்வார். அந்த நிகர எடைக்குத்தான் கடன். கவனிக்க வேண்டியது, நகையை நகையாக்குகிற அத்தனையும், அதாவது கல்லும் வேலைப்பாடும் யாரோ அணிந்திருந்த தடயமும், கழிவில் போய்விடுகிறது. தவணை தவறினால் பதிவுத் தபால், பிறகு பத்திரிகையில் அறிவிப்பு, பிறகு ஏலம்.

ஏலம் முடிந்த மறுநாள் ஒரு வயதான அம்மாள் வந்தார். நகையைத் திரும்பக் கேட்கவில்லை. அது போய்விட்டது என்று அவருக்குத் தெரியும். "அந்தச் சீட்டாவது குடுங்க சார்" என்றார். கடன் கொடுத்தபோது நகையை விவரித்து எழுதிய காகிதம். 'தோடு, கல் பதித்தது, ஜோடி ஒன்று' என்று மூன்று வரி. மூலம் வங்கியில்தான் இருக்க வேண்டும் என்பதால் நகல் எடுத்துக் கொடுத்தேன். நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அன்று எனக்கு அது அசட்டுத்தனமாகப் பட்டது. பிறகு வெகுநாள் கழித்துத்தான் அவர் கேட்டதில் இருந்த அர்த்தம் புரிந்தது. பொருள் போய்விட்டது, பொருள் இருந்தது என்பதற்கான எழுத்து அவருக்கு வேண்டியிருந்தது.

இதை வைத்துக்கொண்டு, விலை வேறு மதிப்பு வேறு, சந்தைக்கு மதிப்பு தெரியாது என்று முடிவு கட்டிவிடுவது சுலபம். இலக்கியவாதிகளுக்குப் பிடித்தமான முடிவும்கூட. ஆனால் ஃப்ராகொனார் விஷயம் இந்தச் சுலபத்தைக் கெடுத்துவிடுகிறது. அந்த ஓவியத்தின் மதிப்பை அறிந்தவன் அதோடு வாழ்ந்த பிரபு குடும்பத்தில் ஒருவரும் இல்லை; ஏலத்துக்கு வந்த வியாபாரிதான். உடைமை அறிவைத் தந்துவிடுவதில்லை. பல தலைமுறையாக ஒரு வீட்டில் வாழ்ந்ததாலேயே அந்த வீட்டை அறிந்தவர்கள் என்று யாரையும் சொல்லிவிட முடியாது.

3

மென்ட்மோரைக் காப்பாற்ற வேண்டும் என்று போராடியவர்கள் இருந்தார்கள். 1975ல் தொடங்கப்பட்ட 'ஸேவ்' என்ற அமைப்பு துண்டுப் பிரசுரம் போட்டது. அதற்கு முந்தின வருஷம் விக்டோரியா ஆல்பர்ட் மியூஸியத்தில், 1875லிருந்து நூறாண்டுகளில் இடிக்கப்பட்ட கிராமப்புற மாளிகைகளைப் பற்றி ஒரு கண்காட்சி நடந்தது. சரிந்து விழும் தூண்கள் போல ஒரு கூடம் அமைத்து, அதில் இல்லாமல் போன வீடுகளின் படங்களை ஒட்டியிருந்தார்களாம். தேசத்தின் சொத்து அழிகிறது என்பது அவர்கள் குரல்.

தேசத்தின் சொத்து என்ற இந்தச் சொல் எப்போது வந்தது? வீடு நன்றாக நடந்துகொண்டிருந்த காலத்தில் அது தேசத்தின் சொத்தாக இருந்ததில்லை. வேலியும் காவலும் இருந்தன. சொந்தக்காரனால் பராமரிக்க முடியாமல் போகிற கணத்தில் அது எல்லோருடையதும் ஆகிவிடுகிறது. லாபத்தில் தனியார், நஷ்டத்தில் பொது. வங்கியில் இருப்பவனுக்கு இந்த ஏற்பாடு பரிச்சயமானதுதான்.

இதைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடவும் எனக்கு மனமில்லை. மேயர் டி ராத்ஸ்சைல்டு அந்த வீட்டைக் கட்டிய வருஷங்களை மறுபடியும் பாருங்கள். அவருடைய அண்ணன் லயனல் 1847ல் லண்டன் நகரத் தொகுதியிலிருந்து பார்லிமென்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கிறிஸ்தவ விசுவாசத்தின்மேல் ஆணையிட வேண்டும் என்ற விதி இருந்ததால் யூதரான அவரால் சபையில் அமர முடியவில்லை. திரும்பத் திரும்ப ஜெயித்தும் 1858 வரை வெளியேதான் நின்றார். மென்ட்மோர் எழும்பியது இந்தப் பதினொரு வருஷங்களுக்கு நடுவில். உள்ளே வராதே என்று சொன்ன ஒரு நாட்டின் மத்தியில், அந்த நாட்டின் பழைய பிரபுக்கள் வீட்டின் சாயலிலேயே ஒரு வீட்டை எழுப்புவது வெறும் பணத்திமிர் என்று எனக்குப் படவில்லை. அதில் ஒரு விண்ணப்பமும் இருக்கிறது. நானும் இங்கே உள்ளவன்தான் என்று கல்லில் எழுதிக் கொடுத்த விண்ணப்பம். ஒரு வீட்டைக் கொள்ளைக்காரன் வீடு என்று ஒரே சொல்லில் அடைத்துவிட்டால் இந்த விண்ணப்பத்தைப் படிக்க முடியாமல் போகிறது. என் முதல் நண்பரோடு எனக்குள்ள தகராறு இதுதான்.

இரண்டாவது நண்பரோடு உள்ள தகராறுக்கு இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டும்.

4

பி.ஏ. படிக்கும்போது எட்மண்ட் பர்க்கைப் பிரெஞ்சுப் புரட்சியைத் திட்டியவர் என்ற அளவில்தான் தெரியும். ஆற்காட்டு நவாபின் கடன்கள் பற்றி அவர் 1785 பிப்ரவரி 28ம் தேதி பார்லிமென்டில் பேசிய நீண்ட பேச்சை, வேலைக்கு வந்தபின்தான் படித்தேன். வட்டிக்கணக்குப் போட்டுப் பழகிய மனசுக்கு அந்தப் பேச்சு பிடிபடுகிற விதமே வேறு.

விஷயம் இதுதான். நவாப் முகமது அலி, கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய பணத்துக்காகக் கம்பெனியின் ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் கடன் வாங்கினார். வட்டி கடுமையானது. ஈடாக ஜில்லாக்களின் வரி வசூலை எழுதிக் கொடுத்தார். கடன் கொடுத்தவன் ஆள் நேராகக் குத்தகைதாரரிடம் போவான். குத்தகைதாரர் குடியானவனிடம் போவார். இந்தக் கடன்காரர்களில் பெரிய பெயர் பால் பென்ஃபீல்ட். சில நூறு பவுண்டு சம்பளத்தில் இருந்த கம்பெனி ஊழியர். 1773ல் நவாப் கம்பெனிப் படையின் துணையோடு தஞ்சாவூரைப் பிடித்தார். 1776ல் லண்டன் உத்தரவின்படி கவர்னர் பிகட் அதை மீண்டும் ராஜாவிடம் ஒப்படைத்தபோது பென்ஃபீல்ட் குறுக்கே வந்தார். தஞ்சாவூர் வருமானத்தின்மேல் நவாப் தனக்கு எழுதிக் கொடுத்தது 1,62,000 பவுண்டு. நின்ற பயிரை ஈடாக வைத்துத் தஞ்சையில் தனி ஆட்களுக்குத் தான் கொடுத்தது 72,000 பவுண்டு. ஆக 2,34,000 பவுண்டு தனக்கு வர வேண்டும் என்றார். இதையொட்டிய சண்டையில் கவர்னரையே அவருடைய கவுன்சில்காரர்கள் கைது செய்தார்கள். 1777 மே மாதம் பிகட் காவலிலேயே இறந்துபோனார்.

நின்ற பயிர். நான் அந்த ஜில்லாக்காரன். கதிர் முற்றாத வயலைக் கணக்கில் ஏற்றி, அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அரசாங்கத்தையே கவிழ்க்க முடிந்திருக்கிறது என்பதைப் படித்தபோது என் கை கொஞ்சம் நடுங்கியது என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தக் கடன்களின் உண்மை பொய்யை விசாரிக்காமலே கர்நாடகத்து வருமானத்திலிருந்து அடைப்பது என்று பிட் மந்திரிசபை முடிவு செய்தது. ஆண்டுக்கு 12 லட்சம் வராகன், அதாவது 4,80,000 பவுண்டு. அதை எதிர்த்துத்தான் பர்க் பேசினார், தோற்றார். அந்தப் பேச்சில் கர்நாடகத்து ஏரிகளைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. தங்கள் காலத்துக்கு அப்பால் பிறக்கப்போகிறவர்களுக்காக நீரைத் தேக்கி வைத்த அரசர்களை அவர் வியந்து பேசுகிற இடம். பர்க்கும் சுத்தமான சாட்சி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருக்கு நெருங்கிய வில்லியம் பர்க் தஞ்சாவூர் ராஜாவின் ஏஜெண்டாக இருந்தவர். இறந்துபோன பிகட்டும் சென்னையில் முன்பு சம்பாதித்த பணத்தில் ஸ்டாஃபோர்ட்ஷயரில் வீடும் நிலமும் வாங்கியவர்தான்.

பென்ஃபீல்ட் 1790களில் வாங்கிய வீடு ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள உட்ஹால் பார்க். ஏற்கெனவே அதைக் கட்டியவர் தாமஸ் ரம்போல்ட். அவரும் சென்னை கவர்னராக இருந்தவர். படங்களில் பார்த்தால் அமரிக்கையான வீடு. தாமஸ் லெவர்ட்டன் அமைத்தது. அதில் ஓர் அறையின் சுவர் முழுக்க அச்சுச் சித்திரங்களை வெட்டி ஒட்டி, சட்டமும் ரிப்பனும் காகிதத்திலேயே செய்து அலங்கரித்திருக்கிறார்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. பென்ஃபீல்டின் வியாபாரம் பிறகு நொடித்தது. வீடு விலைக்கு வந்தது. 1801ல் வாங்கியவர் சாமுவேல் ஸ்மித், நாட்டிங்ஹாமில் தலைமுறைகளாக வங்கி நடத்திய குடும்பத்தவர். அதே 1801ல்தான் கர்நாடக ராஜ்ஜியத்தைக் கம்பெனி முழுக்கத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. பென்ஃபீல்ட் 1810ல் பாரிஸில் வறுமையில் இறந்தார். பின்னால் ஒரு கமிஷன் உட்கார்ந்து கர்நாடகக் கடன்களை விசாரித்தது. கேட்கப்பட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட உண்மைக் கடனாக ஒப்புக்கொள்ளப்படவில்லை.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சபலம் வந்தது. அந்த வீடு எங்கள் நெல்லில் எழும்பியது என்று எழுதிவிடலாம் என்ற சபலம். கவிதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் தேதிகள் இடம் கொடுக்கவில்லை. வீட்டு வேலை தொடங்கியது 1777ல். ரம்போல்ட் கவர்னராகச் சென்னைக்கு வந்தது 1778ல். அதற்கு முன் அவர் பாட்னாவில் கம்பெனி அதிகாரியாக இருந்தவர். அஸ்திவாரத்தில் பீகார்ப் பணம் போயிருக்கலாம். மேல்மாடியில் சென்னைப் பணம் போயிருக்கலாம். தஞ்சாவூர்ப் பயிர் வந்து சேர்ந்தது வீடு கைமாறிய விலையில். எந்தச் செங்கல் யாருடையது என்று சொல்ல முடியாது. குற்றம் சாட்டுகிறவனுக்கும் கணக்கு சரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பென்ஃபீல்ட் போட்ட பொய்க்கடனுக்கு எதிரே நான் ஒரு பொய்க்கடன் போடுகிறேன் என்றாகும்.

5

இரண்டாவது நண்பர் சொன்னது, அழகுக்குப் பாவம் ஒட்டாது என்பது. அந்த அச்சுச் சித்திர அறையைப் பொறுத்தவரை அது உண்மை மாதிரியே இருக்கிறது. அந்தக் காகித ரிப்பனை வெட்டி ஒட்டிய கை எந்த நவாபுக்கும் கடன் கொடுத்ததில்லை. அந்த ரசனையை எனக்கு மறுத்துக்கொள்வது வீம்பு.

ஆனாலும் இதில் ஒரு தப்பு இருக்கிறது. அதை என் தொழில்மொழியிலேயே சொல்கிறேன். வராக்கடனை வங்கி இரண்டு விதமாகக் கையாளும். ஒன்று, கடனையே விட்டுக்கொடுப்பது, கடன்பட்டவன் விடுதலையாகிறான். மற்றது, ஏட்டிலிருந்து மட்டும் நீக்குவது. ஐந்தொகையில் அந்தக் கடன் தெரியாது, வங்கியின் முகம் தெளிவாகிவிடும், ஆனால் கடன்பட்டவன் கடன்பட்டவனாகவே இருக்கிறான். பத்திரிகை படிக்கிறவர்கள் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழம்புவதுண்டு. அழகு செய்வது இந்த இரண்டாவது காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. பார்க்கிறவன் கண்ணிலிருந்து கடனை அது நீக்கிவிடுகிறது. நீக்கும் சக்தி அதற்கு உண்மையாகவே இருக்கிறது. அது போலி அல்ல. ஆனால் விட்டுக்கொடுக்கும் அதிகாரம் அதற்குக் கிடையாது. அந்த அதிகாரம் கடன் கொடுத்தவனுக்குத்தான் உண்டு. இங்கே கடன் கொடுத்தவன் நின்ற பயிரைப் பறிகொடுத்த குடியானவன். அவன் செத்து இருநூறு வருஷம் ஆயிற்று. அவன் சார்பில் மன்னிக்கவோ வசூலிக்கவோ எனக்கு முக்தியார் பத்திரம் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அவன் ஜில்லாவில் பிறந்தேன் என்பது போதாது. ஏன் போதாது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அப்படியானால் நமக்கு மிஞ்சுவது என்ன? மன்னிப்பதும் வசூலிப்பதும் கைவசம் இல்லையென்றால், ஏட்டைப் பார்க்கும் உரிமை ஒன்றுதான். என் வாதம் முழுவதும் இந்தச் சிறிய உரிமையில் வந்து நிற்கிறது. அந்த அம்மாள் கேட்ட மூன்று வரிச் சீட்டு மாதிரி.

இங்கிலாந்திலும் இதைச் சிலர் உணர்ந்திருக்கிறார்கள். 1946ல் யுத்தத்தில் இறந்தவர்கள் நினைவாக 5 கோடி பவுண்டில் ஒரு தேசிய நில நிதி ஏற்படுத்தினார்கள். அதைச் செலவு செய்யாமலே வைத்திருந்து, 1957ல் ஒரு கோடியாகக் குறைத்துவிட்டார்கள். மென்ட்மோர் கூறுபோடப்பட்ட வெட்கத்தில் அந்த மிச்ச நிதியை எடுத்து 1980ல் தேசிய பாரம்பரிய நினைவு நிதி என்று சட்டப்படி அமைத்தார்கள். அது காப்பாற்றுவது பற்றியது. ஏட்டைத் திறப்பது அதற்கு நாற்பது வருஷம் கழித்து வந்தது. 2020 செப்டம்பரில் நேஷனல் டிரஸ்ட் தன்னிடமுள்ள இடங்களில் 93க்கு, அடிமை வியாபாரத்தோடோ காலனியாதிக்கத்தோடோ உள்ள தொடர்பைப் பட்டியல் போட்டு வெளியிட்டது. அங்கத்தினர்கள் பலருக்குக் கோபம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தோட்டம் பார்த்து டீ குடிக்கப் போகிற இடத்தில் எதற்கு இதெல்லாம் என்றார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஏட்டிலிருந்து நீக்கிய கடனை யாராவது உரக்கப் படித்தால் கோபம் வரத்தான் செய்யும்.

ஆகவே மென்ட்மோர் விற்பனையில் எனக்கு வருத்தம் உண்டா என்று கேட்டால், உண்டு. பிரபு குடும்பத்துக்காகவோ தேசத்தின் சொத்துக்காகவோ அந்த வருத்தம் இல்லை. ஒரு வீடு, அதன் பாத்திரம் பண்டம், நாற்காலி, சமையலறை, பின்கட்டு, வேலைக்காரர் ஏறும் தனிப் படிக்கட்டு எல்லாம் ஒன்றாக இருக்கிறவரை அது ஒரு பேரேடு. எது எதோடு எந்த அறையில் இருந்தது, யார் எந்தக் கதவு வழியாக வந்தார்கள் என்பதைப் பார்த்தால் படித்துவிடலாம். பத்து நாள் ஏலத்தில் அந்தப் பேரேட்டின் தாள்கள் தனித்தனியாகப் பிய்த்து விற்கப்பட்டன. ஒவ்வொரு தாளும் அதை வாங்கியவன் வீட்டில் சட்டம் போட்டு மாட்டப்பட்டு அழகாக இருக்கும். கூட்டல் மட்டும் இனி யாராலும் போட முடியாது.

6

இதுவரை எழுதியதை நண்பர்களிடம் படித்துக் காட்டியிருந்தால் ஒருவேளை ஒப்புக்கொண்டிருப்பார்கள். ஆனால் ஒரு விஷயத்தை விட்டுவிட்டு இதைப் பிரசுரத்துக்கு அனுப்புவது யோக்கியமாகாது.

எங்கள் தாத்தா கட்டிய வீடு சில வருஷங்களுக்கு முன் விற்கப்பட்டது. தஞ்சைப் பக்கத்துக் கிராமம். ஓட்டு வீடு, திண்ணை, ரேழி, முற்றம், ஊஞ்சல், பத்தாயம், கொல்லைக்கட்டு. அதை விற்றபோது எனக்கு உண்மையாகவே துக்கமாக இருந்தது. முற்றத்தில் விழுகிற மழையைப் பற்றி முன்பே இரண்டு கவிதைகள் எழுதியிருக்கிறேன். அவை அச்சாகியும் இருக்கின்றன.

பத்திரம் ஆவதற்கு முன் சாமான்களை ஒழித்துக்கொண்டிருந்தோம். பழைய சாமான் வாங்குகிறவர் டவுனிலிருந்து வேனோடு வந்திருந்தார். பத்தாயத்துக்குப் பின்னாலிருந்து பித்தளைப் பூண் போட்ட இரண்டு மரக்கால்களை இழுத்துப் போட்டார். துடைத்துப் பார்த்துவிட்டு ஒன்றைத் தூக்கி மற்றதற்குள் வைத்தார். சரியாக உள்ளே போயிற்று. "ஜோடி போலருக்கு சார். ஜோடின்னா நல்ல விலை வரும்" என்றார். இரண்டு மரக்கால், ஒரே பெயர், எப்படி ஒன்றுக்குள் ஒன்று போகும் என்று நான் சித்தப்பாவைக் கேட்டேன். "அதெல்லாம் பழைய அளவுடா, வேற வேற காலத்துது" என்றார்.

கொல்லை வாசலில் ஒரு மூதாட்டி நின்றுகொண்டிருந்தார். எங்கள் நிலத்தில் நட்டவர், அறுத்தவர். வீடு போகிறதென்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்திருந்தார். அந்த வீட்டுத் திண்ணையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை; அன்றும் அவர் கொல்லைப் பக்கமாகத்தான் வந்தார், நாங்களும் வாசல் பக்கம் வரச் சொல்லவில்லை. மரக்கால்களைப் பார்த்துவிட்டு, கோபம் எதுவும் இல்லாமல், தெரிந்த மனிதரை அடையாளம் சொல்வது போலச் சொன்னார்: "சின்னது எங்களுக்குக் கூலி அளக்கறது சின்னய்யா. பெரிசு களத்துல நெல்லு வாங்கறது."

சித்தப்பா உள்ளே போய்விட்டார். வியாபாரி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மரக்கால்கள் வேனில் ஏறின. வந்த பணம் மற்றதோடு சேர்ந்து பங்கு பிரிக்கப்பட்டது. என் பங்கை நான் வாங்கிக்கொண்டேன். சேமிப்புக் கணக்கில்தான் போட்டேன்.

உட்ஹால் பார்க்கின் அஸ்திவாரத்தில் எந்த மாகாணத்துப் பணம் என்று தேதி வைத்துச் சரிபார்த்தவன் நான். நேஷனல் டிரஸ்ட் அங்கத்தினர்களின் கோபம் புரிகிறது என்று மேலே எழுதினேன். அது பெருந்தன்மையால் எழுதியது அல்ல. அந்தக் குடியானவன் சார்பில் பேச எனக்கு அதிகாரம் இல்லை என்றதற்கும் காரணம் இதுதான். பென்ஃபீல்டுக்கும் அவனுக்கும் நடுவில் குத்தகைதாரர் ஒருவர் இருந்தார், களம் ஒன்று இருந்தது, மரக்கால் ஒன்று இருந்தது. நடுவில் இருந்தவர்களின் வழியில் வந்தவன் நான். கடன் கொடுத்தவனின் வாரிசு என்று சொல்லிக்கொண்டு லண்டனுக்கு நோட்டீஸ் அனுப்புகிற யோக்கியதை எனக்கு இல்லை.

இதனால் லண்டன் கணக்கு இல்லாமல் போய்விடாது. ஒரு கடனைக் காட்டி இன்னொரு கடனை அழிப்பது அழகை வைத்து அழிப்பதைவிட மோசமான தந்திரம். நம் ஊரில் அது நிறைய நடக்கிறது. இரண்டு ஏடும் தனித்தனியாகத் திறந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். என் பங்குக்கு, திறந்து வைத்திருக்க வேண்டியதை வேனில் ஏற்றி அனுப்பினேன்.

அந்த ஜோடி இப்போது எங்கே இருக்கிறதோ. பழைய வீட்டு மாதிரியில் கட்டுகிற ஹோட்டல்கள் ஒன்றின் வரவேற்பறையில் பூ வைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். வேலைப்பாடு நன்றாக இருந்தது. நகையின் எடையை மில்லிகிராம் வரை எழுதிப் பழகியவன் நான். கையில் இருந்த அரைமணி நேரத்தில், முற்றத்துத் தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டாவது, பெரியதற்கும் சின்னதற்கும் எத்தனை படி வித்தியாசம் என்று அளந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை.